பாபநாசத்திலிருந்து கால்கரை வழியாக

தாமிரபரணியைப் பேருந்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு அது பாலங்களின் அடியில் மட்டும் ஓடுகிற ஆறு. அம்பாசமுத்திரத்தில் ஒருமுறை, சேரன்மகாதேவியில் ஒருமுறை, திருநெல்வேலியில் சுலோசன முதலியார் பாலத்தில் ஒருமுறை, அப்புறம் முறப்பநாட்டில் என்று எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடும். சன்னலோரம் இருப்பவர் கழுத்தைத் திருப்புவதற்குள் தண்ணீர் பின்னால் போய்விடும். பொதிகையில் தோன்றிப் புன்னக்காயலில் கடலைச் சேரும் வரை இதன் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். ஆனால் வழியில் எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்வாய்கள், அவை பாய்கிற சுமார் 86,000 ஏக்கர் நிலம். கால்வாயை ஊர்க்காரர்கள் கால் என்றுதான் சொல்வார்கள். கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால். அந்தக் கால்கரைகளெல்லாம் நடந்து போகிற வழிகள். இந்த ஆற்றை அறிந்துகொள்ள அவற்றைவிட நல்ல வழி கிடையாது என்று நம்புகிறவன் நான்.

பாபநாசத்தில் தொடங்கி, கன்னடியன் கால்கரையைப் பிடித்து, திருநெல்வேலியைக் கடந்து ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரை தை மாதத்தில் நடந்தேன். தையைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கே நெல் இரண்டு பூ. ஜூனில் தண்ணீர் திறந்து நடுவது கார். வடகிழக்குப் பருவமழையை நம்பி நடுவது பிசானம். பொங்கல் கழிந்த நாட்களில் பிசான நெல் கதிர் வாங்கி நிற்கும். கால்களில் தண்ணீர் ஓடும், கரையில் மட்டும் சகதி காய்ந்திருக்கும். காலைப் பனி விலக நேரமாகும் என்பதால் வெயில் தலையில் ஏறுவதற்குள் நல்ல தூரம் போய்விடலாம்.

பாபநாசத்துக்கு மேலே நினைத்தபடி நடக்க முடியாது. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். காரையாறு அணை, சொரிமுத்து அய்யனார் கோயில் எல்லாம் வனத்துறையின் சோதனைச்சாவடிக்கு அப்பால். ஆகவே நடை பாபநாசநாதர் கோயில் படித்துறையில் தொடங்குகிறது. விடிந்தும் விடியாமலும் போனால் படியில் நிற்கிறவர்களின் பேச்சை மறைக்கும் அளவுக்குத் தண்ணீர்ச் சத்தம். பொரியை வீசினால் கைநீள மீன்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வரும். அந்த மீன்களுக்கிடையிலேயே ஒரு வேட்டி மிதந்து வந்து கல்லில் சுற்றிக்கொண்டு கிடந்தது. அதன் அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் சேலைகள். பாவத்தைக் கழிப்பதாக எண்ணிக் குளித்த துணியை ஆற்றிலேயே விட்டுப்போகிறார்கள். தன்னார்வலர்கள் அவ்வப்போது இறங்கி அள்ளுகிறார்கள், அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் சேர்ந்துவிடுகிறது. தாமிரபரணியின் மிகச் சுத்தமான தண்ணீர் இருக்கிற இடத்தில், பக்தியின் பேரால் இதைச் செய்வது எனக்குத் தாங்க முடியாத காட்சி. ஆற்றைத் தாயென்று வணங்குகிறவர்கள் அந்தத் துணியைக் கரையில் ஒரு தொட்டியில் போட்டுவிட்டுப் போவதில் எந்தப் புண்ணியமும் குறைந்துவிடாது.

பாபநாசம் அருவிப் பக்கம்தான் 1925-ல் விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் இறந்தார். லண்டனிலிருந்து பாரிஸ் வழியாகத் தப்பி, 1910-ல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். பாரதியும் அரவிந்தரும் இருந்த அந்த ஊரில் பத்தாண்டு இருந்தவர். கடைசியில் இந்த மலையடிவாரத்தில், அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்து, மகளோடு தானும் போனார். அருவிப் பாறையில் நிற்கும்போது அந்த மனிதரின் வாழ்க்கை நடந்த தூரத்தை நினைத்துக்கொண்டேன்.

விக்கிரமசிங்கபுரத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இந்த ஆற்றின் வேகத்தை நம்பி நூற்பாலை வைத்த ஊர். ஆலைச் சங்கை வைத்துத்தான் சுற்றுவட்டாரத்தில் பொழுது கணக்கிட்டார்கள் என்று டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார். அங்கிருந்து அம்பாசமுத்திரம் வரை வயல், தென்னை, மறுபடி வயல். அம்பையில் பாலம் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பெயர்போன ஊர். அக்கிரகாரத்துத் தெருக்களில் வாசல்தோறும் வெள்ளைத் துணியில் வட்டவட்டமாக அப்பளம் உலர்கிறது. இந்த ஊரைப் பற்றி நான் விரும்பிச் சொல்ல நினைப்பது வேறு. இங்கே குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-ல் திருடுபோன ஐம்பொன் நடராசர், கடல் கடந்து, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் கண்ணாடிக்குள் நின்றார். 2019-ல் திரும்பி வந்து சேர்ந்தார். முப்பத்தேழு வருஷம். கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “அவரு வந்த அன்னைக்கு ஊரே தெருவுல நின்னுச்சு. எங்க வீட்டுப் பிள்ள வெளிநாட்டுலருந்து வந்த மாதிரில்லா இருந்துச்சு” என்றார்.

கல்லிடைக்குறிச்சிக்கு அருகே ஆற்றை மறித்திருக்கிற அணைக்கட்டிலிருந்து கன்னடியன் கால் தென்கரையில் பிரிகிறது. இந்த நடையின் உயிர் இனிமேல்தான்.

எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு வெகுகாலம் முந்தியவை. யார் கட்டியது, எப்போது என்பதற்கு ஊர்களில் கதைகள்தான் உண்டு. கன்னடியன் காலுக்கும் கதை இருக்கிறது. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர், தனக்குக் கிடைத்த பெரும்பொருளை ஊருக்கு உபகாரமாக எதில் போடுவது என்று யோசித்தாராம். அகத்தியரின் வாக்குப்படி ஒரு பசுவை முன்னால் நடக்கவிட்டு, அது போன தடத்தில் கால் வெட்டினாராம். பசு படுத்த இடத்தில் குளம், நீர் விட்ட இடத்தில் மடை. கதையாகக் கேட்டபோது புன்னகைத்துவிட்டுப் போகலாம். கரையில் நடந்த பிறகு அதற்குள் இருக்கிற அறிவு பிடிபட்டது. மேய்ச்சலுக்குப் போகிற மாடு மேட்டில் நேராக ஏறாது, பள்ளத்தில் நேராக இறங்காது. சரிவை அணைத்தே போகும். ஒரு கால்வாயும் அப்படிப் போனால்தான், ஆறு தாழ்ந்துகொண்டே போக, தான் உயரத்தை விடாமல் காத்துக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் தர முடியும். கன்னடியன் கால் நெடுக நேர்கோடாக இருக்கிற இடம் அபூர்வம். நூறு அடிக்கு ஒரு வளைவு.

அதனால் நடக்கிறவர் ஒன்றைக் கண்கூடாகப் பார்க்கிறார். வலதுகைப் பக்கம் மேடு: செம்மண், உடைமுள், பனை, ஆட்டுக்கிடை. இடதுகைப் பக்கம் பள்ளம்: கண்ணுக்கு எட்டியவரை நெல், அதன் விளிம்பில் வாழை, வாழைக்கு அப்பால் ஆற்றங்கரையின் மருதமர வரிசை. நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி அகலத் தண்ணீர். அதன் கரையில் ஒற்றையடிப் பாதை. இந்தப் பக்கத்து மண்ணும் அந்தப் பக்கத்து மண்ணும் ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவே யாரோ வெட்டிவைத்த கால் ஒன்று ஓடுகிறது. இதைப் படத்தில் காட்டினால் புரியாது. வலது தோளில் வெயிலும் இடது தோளில் வயல் காற்றும் படும்போது புரியும்.

கரையோரம் ஒரு மடையில் மண்வெட்டியோடு இருந்தவர் என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினார்.

“எங்க போறிய அண்ணாச்சி? திருச்செந்தூருக்கா?”

“இல்லண்ணே, வீரவநல்லூருக்கு. அப்படியே கரையோட நெல்லை வரைக்கும்.”

“பஸ்சு இருக்குல்லா?”

“காலப் பாத்துக்கிட்டே போகலாம்னுதான்.”

அவருக்கு அது நியாயமான காரணமாகப் பட்டது. உட்காரச் சொல்லி, மடைப்பலகையைத் தூக்கிக் காட்டினார். தேக்குப் பலகை, தண்ணீர் பட்டுப் பட்டுக் கறுத்து, ஓரம் தேய்ந்திருந்தது. “மேமடைக்காரன் அடைச்சாத்தான் கீமடைக்குத் தண்ணி ஏறும். கடைசி வயக்காரன்தான் பாவம், ராத்திரி பூராம் முழிச்சிக் கெடக்கணும். இதுக்குத்தான் அந்தக் காலத்துல இத்தன நாழி உனக்கு, இத்தன நாழி எனக்குன்னு வச்சிருந்தாவ.” பேசிக்கொண்டே பலகையை ஒரு விரற்கடை இறக்கினார். வயலுக்குள் பாய்ந்த தண்ணீரின் சத்தம் மாறியது. சத்தத்தை வைத்தே அளவு சொல்கிறவர் அவர். கிளம்பும்போது, “அங்கன ரெண்டாவது மடையத் தாண்டி கரை ஒடஞ்சு கெடக்கு, வயலுக்குள்ள எறங்கி ஏறுங்க. வரப்புல பாத்து மிதிங்க, பூச்சி கெடக்கும்” என்றார். பூச்சி என்றது பாம்பை.

வெள்ளங்குளிக்குப் பக்கத்தில் கன்னடியன் காலிலிருந்து அகலமான புதுக் கால்வாய் ஒன்று தெற்கே போகிறது. தாமிரபரணியில் வீணாகக் கடலுக்குப் போகும் வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறுகளோடு சேர்த்துச் சாத்தான்குளம், திசையன்விளை வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோக 2009-ல் தொடங்கிய திட்டம். கான்கிரீட் பலகைகள் பதித்து நேராக வெட்டப்பட்ட அதன் கரையில் நின்று, வளைந்து வளைந்து போகும் பழைய காலைப் பார்த்தேன். புதியதும் வேண்டும்தான். அந்த வறண்ட தேரிக்காட்டுக்குத் தண்ணீர் போவதை யாரும் மறுக்கக்கூடாது. ஆனால் அதன் கரையில் ஒரு மரம் இல்லை. நிழலில்லாத கரையில் மடை பார்க்க வருகிறவரும் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கமாட்டார். மரம் வைக்க இன்னும் நேரம் இருக்கிறது.

வீரவநல்லூருக்குள் நுழைந்தால் தறிச்சத்தம். செடிபுட்டாச் சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரக் குடும்பத்தார் நெய்கிறார்கள். அங்கே தங்காமல் வடக்கே விலகித் திருப்புடைமருதூருக்குப் போனேன். நேர்வழியை விட்டு ஒதுங்குகிற எவரும் இந்த ஒரு இடத்துக்காக ஒதுங்கலாம். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடம். நாறும்பூநாதர் கோயிலின் கோபுரத்துக்குள் மரப்படிகளில் ஏறினால் நிலைக்கு நிலை சுவரெல்லாம் ஓவியம், தூணும் உத்தரமும் மரச்சிற்பம். அனுமதி வாங்கி, வெளிச்சம் இருக்கும்போது ஏறவேண்டும். செங்காவியும் மஞ்சளும் மங்காமல் இருக்கின்றன. திருவிளையாடல் கதைகள், அணிவகுத்துப் போகிற படைகள், குதிரைகளை ஏற்றிவந்த கப்பல் ஒன்று. கடலுக்கு இத்தனை தூரத்தில், மலையடிவாரத்து ஊரின் கோபுர இருட்டுக்குள், கப்பலிலிருந்து குதிரை இறங்குகிறது. அந்தக் குதிரையின் கால்கள் தரையைத் தொடுவதற்கு முந்திய கணத்தை வரைந்தவனை நினைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

இந்தக் கோயிலில் லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கருவூர்ச் சித்தர் அக்கரையில் வந்து நின்றபோது ஆற்றில் வெள்ளம். கடக்க வழியில்லாமல் அங்கிருந்தே ஈசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். கூப்பிட்ட குரல் கேட்கச் சாமி தலையைச் சாய்த்தது, அப்படியே இருக்கிறது என்கிறார்கள். நடந்து வந்த ஒருவன் கரையில் நிற்கிறான் என்பதற்காகத் தெய்வம் காது கொடுத்த கதை இது. நடந்து போய்க் கேட்டதால் எனக்கு அது இரண்டு மடங்கு பிடித்தது.

கோயிலுக்கு வெளியே மருதமும் இலுப்பையுமாக நிற்கிற பெரிய மரங்களில் சங்குவளை நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டியிருக்கின்றன. தெருவே எச்சத்தால் வெளுத்துக் கிடக்கிறது. ஊரார் அதைத் தொந்தரவாக நினைக்காமல் காத்துவந்ததால் 2005-ல் இந்த மரக்கூட்டத்தைப் பாதுகாப்புக் காப்பிடமாக அரசு அறிவித்தது; இந்தியாவில் அந்த வகையில் முதலாவது இது. மூன்று ஹெக்டேருக்கும் குறைவான இடம்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கீழே விழுந்திருந்த குஞ்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுத் திண்ணைக்கு ஓடினார்கள். அங்கே அதற்கென்று ஒரு கூடை இருந்தது.

மறுபடி கால்கரை. காருக்குறிச்சியில் பொங்கல் முடிந்தும் சூளைகளில் பானைகள் அடுக்கியிருந்தன. நாதஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர். 1921-ல் பிறந்து 1964-லேயே மறைந்தவர். சேரன்மகாதேவிக்கு வந்தால், 1922-ல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய குருகுலத்தின் நினைவு வரும். தேசத்துக்குப் பிள்ளைகளை உருவாக்க என்று ஊரெல்லாம் பணம் திரட்டி நடத்திய இடத்தில், பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய கேள்விக்குக் காங்கிரஸிடம் நேர்மையான பதில் இல்லை. தமிழ்நாட்டு அரசியலின் போக்கு மாறியதில் இந்த ஊரின் பந்திக்கு ஒரு பங்கு உண்டு. பாபநாசத்துப் பாறையில் நின்று ஐயருக்காக வருந்திய மனத்தோடுதான் இந்த ஊரையும் கடந்தேன். இரண்டில் ஒன்றை மறைத்தால் அவரை அறிந்ததாகாது.

பத்தமடை. கன்னடியன் காலின் தண்ணீர் வயலுக்கு மட்டும் போவதல்ல என்பதை இங்கேதான் பார்க்கலாம். ஆற்றோரத்திலும் காலோரத்திலும் விளைகிற கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, உள்ளேயுள்ள சோற்றை நீக்கி உலர்த்துகிறார்கள். பிறகு ஓடும் தண்ணீரில் கட்டுக்கட்டாக ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, இழை இழையாகக் கிழிக்கிறார்கள். ஒரு வீட்டில் அம்மா ஒருவர் தறிக்கு முன்னால் தரையில் அமர்ந்திருந்தார். பாவு பருத்தி நூல், ஊடையாகக் கோரை. ஒவ்வொரு இழையையும் கையால் கோத்து, அச்சுப்பலகையை இழுத்துத் தட்டுகிறார். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு விரல் அகலம் நெய்ய எத்தனை இழை என்று எண்ணத் தொடங்கி, கண் பின்னிக்கொண்டு விட்டுவிட்டேன். “ஓடுற தண்ணியில ஊறுனாத்தான் தம்பி பாய் மினுங்கும். நின்ன தண்ணியில போட்டா அந்தக் களை வராது” என்றார். கை நிற்கவில்லை. பட்டுப்பாயை மடித்துக் காட்டினார், சேலையாக மடிந்தது. மணமக்கள் பெயரைக் கோரையிலேயே நெய்து தருகிறார்கள். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் போன பாயும் இந்த ஊரிலிருந்துதான் போனது. நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். புவிசார் குறியீடு இருக்கிறது, புகழ் இருக்கிறது. அந்த அம்மாவின் முதுகுவலிக்கு ஏற்ற கூலி இன்னும் வரவில்லை. பாய் வாங்குகிறவர்கள் பத்தமடைக்கே வந்து, நெய்தவர் கையில் பணத்தைக் கொடுத்து வாங்குங்கள்.

வழி நெடுக என்னிடம் எல்லோரும் கேட்ட கேள்வி அந்த மடைக்காரர் கேட்டதுதான்: “திருச்செந்தூருக்கா?” தையில் இந்தப் பள்ளத்தாக்கில் நடக்கிறவர் என்றால் முருகனுக்கு நடக்கிறவர். பச்சை உடுத்தி, தலையில் சிறு மூட்டையோடு, தென்காசிப் பக்கத்திலிருந்தும் அம்பைப் பக்கத்திலிருந்தும் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். நடக்கிறவருக்குத் தண்ணீர் கொடுப்பது, திண்ணையில் இடம் கொடுப்பது இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எனக்கும் அந்தப் பங்கு கிடைத்தது. ஆனால் அந்தப் பக்தர்கள் நடப்பது தார்ச்சாலையின் ஓரத்தில். இரவில் லாரி வெளிச்சத்துக்கு எதிரே, முதுகில் மினுங்கும் ஒட்டுப்பட்டையோடு. இரண்டு வயல் தள்ளி நிழலும் தண்ணீருமாகக் கால்கரை கிடக்கிறது.

எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1878-ல் பிரான்சின் செவென் மலைப்பகுதியில் ஒரு கழுதையைக் கூட்டிக்கொண்டு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நடந்தார். அந்த வழியில் இன்றைக்கும் ஊருக்கு ஊர் தங்கி நடக்கிறார்கள். அங்கே நெடுந்தூர நடைபாதைகளுக்கு மரத்திலும் கல்லிலும் வெள்ளை, சிவப்பு என்று இரண்டு பட்டை தீட்டிவைத்திருப்பார்கள். அந்தக் குறியிட்ட பாதைகளில் முதலாவது 1947-ல் லுவார் ஆற்றங்கரையில், ஓர்லெயான் நகரத்துக்குப் பக்கம் திறக்கப்பட்டது. ஆற்றங்கரையில் தொடங்கியது தற்செயலாகத் தோன்றவில்லை எனக்கு. இரண்டு பட்டை வண்ணத்தால் ஒரு நாட்டின் கிராமங்களுக்கெல்லாம் நடந்து வருகிற விருந்தாளிகளைக் கொண்டுவர முடிந்திருக்கிறது. நம்மிடம் நடை புதிதில்லை. கால்டுவெல் 1841-ல் சென்னையிலிருந்து இடையன்குடிக்கு மக்களை அறிய வேண்டும் என்றே கால்நடையாக வந்து சேர்ந்தார். அவருக்கும் முன்னால், நடந்து வருகிறவர்களுக்காகக் கட்டிய கல்மண்டபங்களும் சுமைதாங்கிகளும் இந்தக் கரையெங்கும் நிற்கின்றன. சேரன்மகாதேவிக்குக் கீழே நான் பார்த்த மண்டபம் ஒன்றில் ஆலங்கன்று தளத்தைப் பிளந்திருந்தது. இன்னொன்றில் உரமூட்டை அடுக்கியிருந்தார்கள். கரை உடைந்த இடத்தில் நாலு கல், மண்டபத்தில் ஒரு குடிநீர்க் குழாய், மடைக்கு மடை ஊர்ப்பெயர் எழுதிய ஒரு பலகை: இவ்வளவு இருந்தால் கால்கரையும் அப்படியொரு நடைபாதையாகிவிடும். செந்தூர்ப் பக்தர்களுக்கே இது முதலில் பயன்படும்.

மேலப்பாளையம் வழியாகத் திருநெல்வேலிக்குள் வந்தால் பாளையங்கால் சாக்கடையாகிக் கிடக்கிறது. வயலுக்குப் பாய்ந்த கால் இது என்று சொன்னால்தான் தெரியும். மூக்கைப் பொத்திக்கொண்டு நகரம் கடந்துபோகிறது. கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரைக்கு வந்ததும் இன்னொரு நினைவு நடையை நிறுத்தியது. 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தைக் காவல்துறை தடியால் அடித்து விரட்டியதில், ஆற்றில் இறங்கியவர்களில் 17 பேர் இறந்தார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் சேர்த்தி. மலையில் கொழுந்து பறித்தவர்கள் கூலி கேட்டு நடந்து வந்து, மலையிலிருந்து வருகிற இதே ஆற்றில் போனார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் இங்கே மலர் தூவுகிறார்கள்.

அங்கிருந்து பார்த்தால் தெரிகிறது சுலோசன முதலியார் பாலம். ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த அவர் தன் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டுவித்து, 1843-ல் திறந்தது. அதற்கு முன் பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் படகுதான். திறப்புவிழாவில் அவரைத்தான் முதலில் பாலத்தில் நடக்கவிட்டார்கள் என்று நெல்லையில் சொல்வார்கள். நானும் அதில் நடந்துதான் மேலக்கரைக்குப் போய்க் குறுக்குத்துறை முருகனைப் பார்த்தேன். ஆற்றுக்குள்ளேயே நிற்கிற கோயில். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் பொருள்களையும் மேட்டுக் கோயிலுக்குத் தூக்கிப்போய்விடுவார்கள். தண்ணீர் கோயிலை மூடி ஓடும். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூசை. ஆற்றோடு சண்டை போடாமல் கட்டப்பட்ட சுவர்கள்.

நகரத்துக்குக் கீழே நிலம் விரிகிறது. முறப்பநாட்டில் ஆறு வடக்கு நோக்கித் திரும்புவதால் தட்சிண கங்கை என்று குளிக்கிறார்கள். அதற்குப் பிறகு வாழைதான், தார் தாங்கக் கம்பு ஊன்றிய வாழை. தென்கரையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. 1876-ல் ஜெர்மானியர் யாகோர் தோண்டிப் பெர்லினுக்குக் கொண்டுபோனார், 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். 2023-ல் திறந்த களக் காட்சிக்கூடத்தில் கண்ணாடித் தளத்துக்கு அடியில் முதுமக்கள் தாழிகள் கிடந்தபடியே கிடக்கின்றன. நடந்து வந்தவருக்கு ஒன்று உடனே தெரியும்: விளையாத மேட்டு மண்ணில்தான் இறந்தவர்களை வைத்தார்கள், விளைகிற பள்ளத்தை வாழ்கிறவர்களுக்கு விட்டார்கள். வடகரைப் பக்கம் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கணித்திருக்கிறார்கள். இதே நெல், இதே தண்ணீர்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஆற்றின் கடைசிக் கால்கள் இரண்டும் பிரிகின்றன. 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் இங்கே எல்லாம் ஒரே கடலாகியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சுமார் 800 பேரோடு சிக்கிக்கொண்டபோது, தங்கள் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் நின்ற புதுக்குடி மக்கள் கோயிலில் உலை வைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். நான் அந்த ஊர் வழியே போனபோது அதைப் பற்றிக் கேட்டேன். ஒரு பெண், “பசிச்சவங்களுக்குப் போடாம என்ன செய்ய? அரிசி இருந்துச்சு, போட்டோம்” என்று சொல்லிவிட்டு, “நீங்க சாப்பிட்டியளா?” என்றார்.

நடக்க நினைக்கிறவர்களுக்கு: தையும் மாசியும் நல்லது, கார் நட்டபின் ஆடியிலும் போகலாம், காற்று பலமாக இருக்கும். சித்திரை, வைகாசியில் கால்களில் தண்ணீர் நிறுத்திவிடுவார்கள், நிழல் மட்டும்தான் துணை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருக்குறிச்சி, சேரன்மகாதேவி ஐந்துக்கும் ரயில் நிலையம் உண்டு. தென்காசிப் பாதை கால்கரைக்கு இணையாகவே போகிறது. எந்த ஊரில் கால் வலித்தாலும் நெல்லைக்கு வந்து தங்கிவிட்டு, காலையில் விட்ட இடத்துக்கே ரயிலில் திரும்பலாம். வெறுங்காலோடு வரப்பில் இறங்க வேண்டாம். மடையில் இருப்பவரிடம் வழி கேளுங்கள். எந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.